துருவுக்குள் ஒரு நூல்

அம்பத்தூர் புதூரில் எனக்கு ஓர் அத்தை இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. எதையும் தூக்கி எறியாதவர் என்று குடும்பத்தில் அவருக்குப் பெயர். 1958-ம் வருஷத்துப் பஞ்சாங்கம் யாருக்காவது தேவைப்பட்டால் அத்தை வீட்டுப் பரணில் தேடிப் பார்க்கலாம்!

சில வாரங்களுக்கு முன்பு அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, கீழடி அகழாய்வைப் பற்றி மாநிலத் தொல்லியல் துறை 2019-ல் வெளியிட்ட புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். காபியுடன் வந்த அத்தை என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். படத்தில் சுடுமண்ணால் செய்த சிறு வட்டு ஒன்று. நடுவில் ஒரு துளை.

"ஏம்ப்பா, தக்களிச் சில்லு மாதிரி இருக்கே?"

"தக்களியேதான் அத்தை. ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேலே ஆச்சாம்."

"இதைப் போய்ப் பூமியைத் தோண்டியா எடுத்தாங்க? என்கிட்டே ஒண்ணு இருக்கே!"

சொன்னதோடு நிற்கவில்லை. பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு பிஸ்கோத்து டின்னை எடுத்துவந்தார். உள்ளே ஒரு கந்தல் முடிச்சு. அதற்குள் பித்தளைச் சில்லும் இரும்புக் கம்பியுமாக ஒரு தக்களி. ஆதாரப் பள்ளியில் அத்தை படித்தபோது தினம் ஒரு மணி நேரம் நூற்பு வகுப்பு உண்டாம். கணக்கில் கோட்டை விட்டாலும் நூற்பில் அத்தைதான் முதல்! தக்களி சுற்றிய கந்தலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பித்தளை பட்ட இடமெல்லாம் பச்சை. இரும்பு பட்ட இடமெல்லாம் செம்பழுப்பு. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை.

"இரு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வா. நூற்றே காட்டறேன்" என்றார் அத்தை.

சிரித்துக்கொண்டே விடைபெற்றேன். அந்தக் கந்தலின் அருமை அப்போது எனக்குத் தெரியாது.

மண் தின்ற துணி

வாசகர்கள் ஒரு விஷயத்தை யோசித்துப் பார்த்ததுண்டா? நம் நாட்டுப் பழம்பொருட்சாலைகளில் பானை இருக்கிறது, மணி இருக்கிறது, வாள் இருக்கிறது, காசு இருக்கிறது. ஆனால் அந்தக் காசைக் கொடுத்து வாங்கிய துணி எங்கே?

சங்கப் புலவர்கள் பாம்பு உரித்த சட்டையைப் போன்ற மெல்லிய ஆடையைப் பாடியிருக்கிறார்கள். சிறு விளக்கை வைத்துக்கொண்டு இரவில் பஞ்சு வேலை பார்த்த பருத்திப் பெண்டும் புறநானூற்றில் வருகிறாள். கிரேக்க மாலுமி ஒருவன் எழுதிய 'பெரிப்ளூஸ்' என்ற நூல் உறையூர்த் துணியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அவ்வளவு தூரம் போவானேன்? நம் சென்னை நகரமே துணிக்காகப் பிறந்த ஊர்தான். 1639-ல் கும்பினியாரின் ஏஜெண்டு பிரான்சிஸ் டே இந்தக் கடற்கரைக்கு வந்ததற்குக் காரணம், இங்கே துணி மற்ற இடங்களைவிட 20 சதவீதம் மலிவு என்று அவர் கண்டதுதான். இடம் கிடைப்பதில் பெரும் பங்கு கொண்ட தாமர்லா சகோதரர்களில் ஒருவரான ஐயப்ப நாயக்கர் வாசம் செய்தது நம் பூந்தமல்லியில்! இன்றைக்கும் இந்தப் பக்கம் துணியை விடவில்லை. ராணுவத்துக்கு உடுப்புத் தைக்க 1961-ல் தொடங்கிய தொழிற்சாலை ஆவடியில் இருக்கிறது. காலை ரயிலில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு இறங்கும் பெண்களில் ஆயத்த ஆடைத் தையல்காரிகள் எத்தனையோ பேர்.

இப்பேர்ப்பட்ட நாட்டில் இரண்டாயிரம் வருஷத்துத் துணி ஒரு முழமாவது கிடைக்க வேண்டாமோ? அங்கேதான் சங்கடம். ஐப்பசி அடைமழையில் அம்பத்தூர் ஏரி நிரம்பி வழிவதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. நனைவதும் காய்வதுமாக இருக்கும் மண்ணில் பூஞ்சைக் காளானும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளும் பருத்தியைச் சில வருஷங்களுக்குள் தின்று தீர்த்துவிடும். நம் மேற்கு ரயில் பாதையிலேயே திருவள்ளூருக்கு அப்பால் பட்டரைப்பெரும்புதூரில் மாநிலத் தொல்லியல் துறையார் 2015-16-ல் அகழ்ந்து உறைகிணறு கண்டார்கள். கிணற்றில் நீர் மொண்ட கயிறு எங்கே? கிணற்றின் சுடுமண் உறைக்கு உள்ள ஆயுள் அதற்கு இல்லை.

மிஞ்சுவது கருவிகள்தாம். கீழடியில் தக்களிகளோடு கூரிய எலும்பு முனைகளும், செம்பு ஊசியும், தறியில் தொங்கவிட்டதாகக் கருதப்படும் கற்களும் கிடைத்திருக்கின்றன. கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985 முதல் தோண்டியபோது, துளையில் இரும்புக் கம்பி செருகிய தக்களிகள் கிடைத்தன. அரிக்கமேட்டில் 1945-ல் அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், அங்கிருந்த செங்கல் தொட்டிகளைச் சாயத் தொட்டிகள் என்று ஊகித்தார். உறையூரிலும் பிற்பாடு அப்படி ஒரு தொட்டி கிடைத்தது. தக்களி உண்டு, தொட்டி உண்டு, ஊசி உண்டு. துணி மட்டும் இல்லை! கல்யாணப் பத்திரிகை, பந்தல், நாயனம் எல்லாம் இருந்து பெண்ணைக் காணோம் என்றால் எப்படியிருக்கும்?

தக்களியிலும் ஓர் அளவுக்குத்தான் ரகசியம் கறக்க முடியும். சில்லு கனமாக இருந்தால் தடித்த நூல். லேசாக இருந்தால் மெல்லிய நூல். இதை ஆராய்ச்சியாளர்கள் நிறுத்துப் பார்த்துச் சொல்கிறார்கள். என் அத்தை நிறுக்காமலே சொல்கிறார். உடைந்த பானை ஓட்டைத் தேய்த்து வட்டமாக்கித் துளையிட்டால் அது தக்களிச் சில்லு. துளையில்லாவிட்டால் சிறுமிகள் பாண்டி விளையாடிய சில்லாக இருக்கலாம். ஒரு துளையில் இருக்கிறது வேலைக்கும் விளையாட்டுக்கும் உள்ள வித்தியாசம்.

வெள்ளிக் கலசத்தின் சாட்சி

மண் தின்னாமல் விட்ட துணி எங்காவது உண்டா என்று தேடினால், முதல் பதில் சிந்து நதிக்கரையிலிருந்து வருகிறது. 1920-களில் மொகஞ்சதாரோவை அகழ்ந்தபோது தயாராம் சாஹ்னி ஒரு வெள்ளிக் கலசத்தைக் கண்டெடுத்தார். அதன்மேல் துணுக்குத் துணுக்காக ஏதோ ஒட்டியிருந்தது. தட்டிவிட்டுக் கலசத்தைத் துலக்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நல்ல வேளை, தட்டவில்லை. பம்பாய் மாதுங்காவில் 1924-ல் ஏற்பட்ட பருத்தி ஆராய்ச்சிச் சாலைக்கு அந்தத் துணுக்குகள் போயின.

அங்கே டர்னர் என்ற நிபுணரும் குலாட்டி என்ற நிபுணரும் அதைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார்கள். நார்களுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் உண்டு. சணல் வகையைச் சேர்ந்த ஆளிநார் மூங்கிலைப் போலக் கணுக்கணுவாக இருக்கும். கம்பளி மயிர் மீன் செதிலைப் போல் அடுக்கடுக்காகத் தெரியும். பட்டு வழவழவென்று கண்ணாடிக் குச்சி மாதிரி. பருத்தியோ, தட்டையாகிப்போன நாடா ஒன்றை முறுக்கிவிட்டதைப் போல் இருக்கும். மாதுங்காவில் தெரிந்தது அந்த முறுக்கிய நாடாதான். ஐயமில்லாமல் பருத்தி! ஊடையும் பாவும் 34-ம் நம்பர் நூல். அங்குலத்துக்குப் பாவில் 60 இழை, ஊடையில் 20 இழை. கோயமுத்தூர் மில்காரர்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று புரியும். நாலாயிரம் வருஷத்துக்கு முந்திய கைநூலுக்கு இது குறைச்சலான காரியமா? அதே ஊரில் கிடைத்த இன்னொரு துணுக்கு மஞ்சிட்டி வேரில் சாயம் ஏற்றியது. நாட்டு மருந்துக் கடையில் நாம் பொட்டலம் கட்டி வாங்குகிற அதே மஞ்சிட்டிதான்.

துணி எப்படிப் பிழைத்தது? உலோகம் காப்பாற்றியது. செம்பும் வெள்ளியும் களிம்பு ஏறும்போது அந்தக் களிம்பின் உப்பு பக்கத்திலிருக்கும் நாரில் ஊறுகிறது. அந்த உப்பு கிருமிகளுக்கு விஷம். துணியைத் தின்ன வந்த கிருமி செத்துப்போகிறது, துணி பிழைக்கிறது. இரும்பின் வேலை இன்னும் விசித்திரம். துரு நாருக்குள் புகுந்து, நார் மக்கிய பிறகும் அதன் அச்சாக நின்றுவிடுகிறது. அதாவது துணி போய்விடுகிறது. துணியின் வடிவத்தில் துரு நிற்கிறது. நூலின் தடிமன், முறுக்கு, நெசவு எல்லாம் அதில் படிக்கலாம்.

இதைவிடப் பழைய சாட்சி பலூசிஸ்தானத்து மெஹர்கரில் கிடைத்தது. கி.மு. ஆறாவது ஆயிரத்தாண்டைச் சேர்ந்த ஒரு கல்லறையில் செப்பு மணிகள் இருந்தன. பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் ஒரு மணியின் துளைக்குள் மின்னணு நுண்ணோக்கியால் பார்த்தபோது, மணி கோத்த நூலே உள்ளே இருந்தது. பருத்தி நூல்! 2002-ல் இதை வெளியிட்டார்கள். 2009-ல் ஹரப்பாவிலும் சான்ஹுதாரோவிலும் கிடைத்த செப்பு நகைகளுக்குள்ளும் மணிகளுக்குள்ளும் பட்டு இழைகள் இருப்பதை வேறு அறிஞர்கள் காட்டினார்கள். ஏதோ ஒரு தாய் தன் குழந்தைக்கு மணி கோத்தாள் என்று வைத்துக்கொள்வோம். மணியைப் பொன்னே போல் போற்றி வைத்த உலகம் நூலை மறந்துவிட்டது, மணி மறக்கவில்லை.

கண்ணாடிப் பெட்டியின் முன்னால்

இதையெல்லாம் படித்த பிறகு எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனேன். ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ என்பவர் 1899 முதல் 1905 வரை தோண்டி எடுத்த பொருள்களுக்கு அதுதான் வீடு. வழக்கமாக அங்கே போகிறவர்கள் பொன் பட்டத்தையும் வெண்கலத்தையும் தேடுவார்கள். நான் துருவைத் தேடினேன். கண்ணாடியில் மூக்கு இடிக்க நின்றுகொண்டு, துரு ஏறிய இரும்பில் எங்காவது பாவும் ஊடையும் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். காவலர் ஒருவர் அருகில் வந்து, "என்ன சார், ஏதாவது தொலைச்சிட்டீங்களா?" என்றார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

என் கண்ணுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. அது என் கண்ணின் குற்றமாகவும் இருக்கலாம். ஆனால் மனசை உறுத்திய விஷயம் வேறு. பழைய நாளில் உலகமெங்கும் அகழ்ந்தெடுத்த உலோகப் பொருளைப் பளபளப்பாக்கிக் காட்டுவதே பெருமை என்று எண்ணினார்கள். அமிலத்தில் ஊறப்போட்டார்கள், கம்பித் தூரிகையால் தேய்த்தார்கள், கத்தியால் சுரண்டினார்கள். கத்தி வெளியே வந்தது, கத்தியைச் சுற்றியிருந்த துணி சாக்கடையில் போயிற்று. எத்தனை உறைவாள்களின் உறை, எத்தனை பிணப் போர்வைகளின் ஓரம் இப்படிக் கரைந்தனவோ! இந்தக் காலத்து நிபுணர்கள் துருவைத் தொடுவதற்கு முன் படம் எடுக்கிறார்கள், எக்ஸ்ரே பிடிக்கிறார்கள், பூதக்கண்ணாடியால் அங்குலம் அங்குலமாகப் பார்க்கிறார்கள். துருவே ஆவணம் என்று தெரிந்துகொண்டிருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால் இதில் ஒரு நியாயக் கேடும் இருந்தது என்பேன். வாளைப் பிடித்தவன் ஆண். வாளுக்குச் சீட்டு எழுதிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தோம். விளக்கடியில் கண் வலிக்க நூல் நூற்றவள் பெண்; அவள் கைவேலையைத் தேய்த்துக் கழுவிவிட்டோம்.

எகிப்து நாட்டுக் குப்பைமேட்டில்

நம் மண்ணில் இல்லாத துணி வேறு எங்காவது இருக்கிறதா என்றால், இருக்கிறது. பார்க்க வேண்டுமானால் செங்கடல் கரைக்குப் போக வேண்டும்!

எகிப்தில் பெரனிகே என்று ஒரு பழைய துறைமுகம். ரோமாபுரிச் சக்கரவர்த்திகள் காலத்தில் இந்தியக் கப்பல் சரக்கு இறங்கிய இடம். மழை என்பதே அபூர்வமான பாலைவனம். 1994 முதல் அமெரிக்க, டச்சு ஆராய்ச்சியாளர்கள் அங்கே தோண்டினார்கள். கோயில் ஒன்றில் இந்தியச் சாடி ஒன்றுக்குள் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது. நம் தமிழ் பிராமி எழுத்தில் ஒரு தலைவனின் பெயர் கீறிய பானை ஓடும் கிடைத்தது. இவை பத்திரிகைகளில் வந்த செய்திகள். பத்திரிகைகள் அதிகம் சொல்லாத செய்தி, ஊர்க் குப்பைமேட்டில் கந்தல் கந்தலாகத் துணி கிடைத்ததுதான்.

அந்தக் கந்தல்களை ஜான் பீட்டர் வைல்டும் அவர் மனைவி ஃபெலிசிட்டி வைல்டும் ஆராய்ந்தார்கள். இங்கிலாந்துக்காரர்கள், கணவனும் மனைவியுமாகப் பழந்துணியே கதி என்று இருந்தவர்கள். எகிப்தியக் குப்பையில் கிடந்த பருத்திக் கந்தல் எந்த நாட்டுச் சரக்கு என்று எப்படிச் சொல்வது? முத்திரையா இருக்கிறது? அங்கேதான் துப்பறியும் கதையைப் போன்ற ஸ்வாரஸ்யம்.

ஒரு நூலைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு உற்றுப் பாருங்கள். முறுக்கின் கோடுகள் சாய்வாக ஓடும். சில நூலில் அந்தச் சாய்வு 'இஸட்' என்ற ஆங்கில எழுத்தின் நடுக்கோட்டைப் போல, மேலே வலப்புறத்திலிருந்து கீழே இடப்புறத்துக்கு இறங்கும். சில நூலில் 'எஸ்' எழுத்தின் நடுவைப் போல எதிர்ப்பக்கமாக இறங்கும். இது கை வழக்கம். எகிப்து நாட்டார் தலைமுறை தலைமுறையாக 'எஸ்' முறுக்கு. நம் நாட்டுக் கை 'இஸட்' முறுக்கு. தாய் மகளுக்குக் கற்பித்து, மகள் பேத்திக்குக் கற்பித்து, யோசிக்காமல் விரல் தானாகப் போகும் திசை அது. பருத்தியில் 'இஸட்' முறுக்கு இருந்தால் அது இந்தியச் சரக்கு என்று வைல்டு தம்பதிகள் கண்டார்கள். கையெழுத்துப் போடத் தெரியாத பெண்கள் இழைக்கு இழை கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள்!

அப்படிக் கண்டவற்றில் கப்பல் பாய்களின் துண்டுகளும் உண்டு. பருத்தித் துணியில் பட்டை வைத்துத் தைத்த பாய்கள். பிற்காலத்துக் குப்பையில் நீலச் சாயம் தோய்த்து, பூ மட்டும் வெள்ளையாக விட்ட துணியும் கிடைத்தது. இவை இந்தியாவில் எந்த ஊர்த் தறியில் நெய்தவை என்று நூலைப் பார்த்துச் சொல்ல முடியாது. தமிழ்நாட்டுத் துணிதான் என்று மார்தட்டிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் ஆசை வேறு, சாட்சி வேறு.

தமிழுக்கென்று ஒரு சாட்சி வேண்டுமானால் பக்கத்துத் துறைமுகமான குஸேர் அல் காதிமில் இருக்கிறது. அங்கே கிடைத்த ஒரு சாடித் துண்டில் தமிழ் பிராமியில் 'பானை ஒறி' என்று இரண்டு பக்கமும் கீறியிருந்தது. ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னார்: பானை உறி! உத்தரத்தில் கயிற்றால் கட்டி, தயிர்ப் பானையைத் தொங்கவிடுவோமே, அந்த உறி. கயிறு மக்கிவிட்டது. பானை உடைந்துவிட்டது. வார்த்தை மட்டும் கடல் கடந்து கிடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை

சொன்னபடி அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூருக்குப் போனேன். பையில் ஒரு பூதக்கண்ணாடி. மனசில் அந்தக் கந்தல். ரயிலில் வரும்போதே கணக்குப் போட்டுவிட்டேன். பச்சை ஏறிய பக்கம் மொகஞ்சதாரோக் கலசம். செம்பழுப்பு ஏறிய பக்கம் இரும்பு வாள். எழுபது வருஷத்துக்குள் களிம்பும் துருவும் ஒரு துணியை எப்படிப் பிடித்துக்கொள்கின்றன என்பதைக் கையில் வைத்துப் பார்க்கலாம்.

அத்தை தயாராக இருந்தார். வாசலில் நாற்காலி, மடியில் பஞ்சு, காலடியில் ஒரு கிண்ணம். தலையணைப் பஞ்சைக் கொட்டை பொறுக்கி, விரலால் பிரித்து, திரித் திரியாக உருட்டி வைத்திருந்தார். தக்களியின் முனையைக் கிண்ணத்தில் ஊன்றி, வலக்கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒரு சுண்டு. தக்களி கிறுகிறுவென்று சுற்றியது. இடக்கை மெதுவாக உயர்ந்தது. பஞ்சு நீண்டு நூலாயிற்று. எதிர்வீட்டுக் குழந்தைகள் இரண்டு வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. இரண்டு தடவை அறுந்தது. "கை மறந்துபோச்சு" என்றார். மூன்றாவது தடவை ஒரு முழத்துக்கு மேல் வந்தது.

அதை அறுத்து வாங்கி, வெளிச்சத்தில் தொங்கவிட்டு, பூதக்கண்ணாடியால் பார்த்தேன். வலப்புறத்திலிருந்து இடப்புறமாக இறங்கும் சாய்வு. 'இஸட்' முறுக்கு!

"அத்தை, இந்தப் பக்கமாச் சுத்தணும்னு யார் சொல்லிக்கொடுத்தாங்க?"

"சொல்லிக்கொடுக்கிறதுக்கு என்ன இருக்கு? கை அப்படித்தானே போகும்!"

பெரனிகேயின் குப்பைமேட்டில் இரண்டாயிரம் வருஷம் கிடந்த நூலுக்கும் இதுதான் விடை. நான் அத்தை கையிலிருந்த தக்களியை வாங்கினேன். அப்போதுதான் கவனித்தேன். பித்தளைச் சில்லு பொன்னாக மின்னியது. கம்பியில் துருவின் சுவடே இல்லை.

"அத்தை, இதுமேலே ஒட்டிக்கிட்டிருந்த துணி?"

"அதுவா? நீ வரேன்னு சொன்னியேன்னு புளி போட்டு ஊறவச்சு, நல்லாத் தேய்ச்சு எடுத்தேன். பாரு, புதுசு மாதிரி இல்லே? அந்தக் கந்தல் பிசுபிசுன்னு வந்துடுச்சு. வழிச்சு எறிஞ்சுட்டேன்."

வாழ்நாளில் ஒன்றும் எறியாத அத்தை!

"என்ன துணி அத்தை அது?"

"உன் பாட்டி கட்டிக்கிட்டிருந்த புடவைத் தலைப்புதான். ஏன், ஏன் இப்படி முழிக்கிறே?"

"எப்போ எறிஞ்சீங்க?"

"காலையிலேதான்."

தெருக்கோடியில் மணிச் சத்தம் கேட்டது. குப்பை வண்டி வந்துகொண்டிருக்கிறதா, வந்துவிட்டுப் போகிறதா என்று எதிர்வீட்டுக் குழந்தைகளைக் கேட்டேன். பதிலுக்குக் காத்திராமல் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன்.